கரி அடுப்பில் காரக் கோழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மொட்டை மாடியில் கரி அடுப்பு வைத்து லெக் பீஸ் சுட்டால், மேலே மசாலா கருகிக் கசக்கிறது. வெட்டிப் பார்த்தால் எலும்பு ஓரம் சிவப்பாகவே இருக்கிறது. மசாலாவில் தவறா, கோழியில் தவறா? (வாசகி, ஈரோடு)

இரண்டிலும் இல்லை. நெருப்பைப் பரப்பியிருக்கும் விதத்தில்தான் தவறு. மிளகாய்த்தூளும் பூண்டும் நேரடித் தணலில் சில நிமிடங்களிலேயே கருகத் தொடங்கிவிடும். தொடையோடு சேர்ந்த கால் துண்டு உள்வரை வேக 35 முதல் 45 நிமிடம் வேண்டும். அடுப்பு முழுக்கத் தணலைப் பரப்பி அதன்மேல் கோழியை வைத்தால், எவ்வளவு நல்ல மசாலாவும் தாங்காது.

கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். மறுபாதி காலியாக இருக்கட்டும். ஒரு கிலோ கோழிக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ கரி போதும். கரித்துண்டுகளின் மேல் வெண்சாம்பல் படர்ந்த பிறகே கம்பி வலையில் கோழியை வையுங்கள். கறுப்பு தெரியும் கரியில் வைத்தால் புகை நாற்றம் கறியில் ஏறும். முதலில் துண்டுகள் காலிப் பக்கத்தில், தொடைப்பக்கம் தணலை நோக்கி இருக்கட்டும். மூடி போட்டு 30 நிமிடம் விட்டு, நடுவில் ஒரு முறை திருப்புங்கள். மூடி இல்லாத அடுப்பானால் பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்தால் போதும். ஒரு பக்கம் சிறு இடைவெளி இருக்க வேண்டும்; காற்று அடைபட்டால் தணல் அவிந்துவிடும். கடைசியில்தான் துண்டுகளைத் தணலுக்கு நேர்மேலே நகர்த்த வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், கண்ணை எடுக்காமல். ஓரங்களில் மட்டும் கறுத்துவரும் அந்தச் சுவைக்கு அவ்வளவு நேரம் போதும்.

எலும்பு ஓரச் சிவப்பு எப்போதும் வேகாததன் அடையாளமல்ல. பிராய்லர் இளங்கோழி, அதன் எலும்பு மஜ்ஜையின் நிறம் வெந்த பிறகும் கறியில் கசிந்து தெரியும். நிறத்தை நம்பாமல், குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பில் படாமல் தொடையின் தடித்த இடத்தில் குத்தினால் குறைந்தது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். காலும் தொடையும் 80-ஐத் தாண்டினால்தான் சவ்வு இளகி மெதுவாகும். நெஞ்சுக்கறி 74-ஐத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் வைத்தால் சக்கைதான்.

கேள்வி: காரம் மேலோடு நிற்கிறது, உள்ளே சப்பென்று இருக்கிறது. அளவோடு ஒரு மசாலா சொல்லுங்கள். (வாசகர், நாகர்கோவில்)

மிளகாயும் மல்லியும் எத்தனை மணி நேரம் ஊறினாலும் கறிக்குள் அதிகம் போகாது. உள்ளே போவது உப்பு. அதனால்தான் இரண்டு கட்டமாக ஊறவைக்கச் சொல்கிறோம்.

தோல் நீக்கிய லெக் பீஸ் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். தடித்த இடங்களில் எலும்பைத் தொடும் ஆழத்துக்கு மூன்று கீறல் போடுங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு, தூள் உப்பு 2 டீஸ்பூன் (தலை தட்டி, ஏறக்குறைய 12 கிராம்), இஞ்சி பூண்டு விழுது 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்துக் கீறலுக்குள் தேய்த்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது தயிர். 300 கிராம் கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் பாதியாகச் சுண்டும். இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். தண்ணீர்த் தயிரில் கலந்த மசாலா வழிந்து தணலில் விழும், கோழியில் ஒட்டாது. கடலை மாவு ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து மணம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்துச் சேர்த்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். நல்லெண்ணெயோ கடுகெண்ணெயோ 3 டேபிள்ஸ்பூன் சூடாக்கி, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 டேபிள்ஸ்பூன், குண்டூர் மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். மிளகாயின் நிறமும் காரமும் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும், பச்சை வாடையும் போகும். சட்டி சூடாக இருக்கும்போதே போட்டால் தூள் கருகும். இதைத் தயிரில் விட்டு, மல்லித்தூள் ஒரு டேபிள்ஸ்பூன், வறுத்துப் பொடித்த சீரகம், மிளகு, கரம் மசாலா தலா ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் சேர்த்துக் கோழியில் பூசி, 4 முதல் 8 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சர்க்கரையோ தேனோ வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால் இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு தடவுங்கள்.

கேள்வி: மெதுவாக வரட்டும் என்று பப்பாளிக்காய் அரைத்து இரவு முழுக்க ஊறவைத்தேன். கறி களியாகிவிட்டதே? (வாசகி, திருநெல்வேலி)

பப்பாளிக்காயின் பப்பெயின் நொதி புரதத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜில் வேகம் குறையுமே தவிர நிற்காது. பிராய்லருக்கு அது தேவையே இல்லை. முற்றிய கோழிக்குப் போடுவதானாலும் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டு மணி நேரம் என்பது எல்லை. எலுமிச்சைச் சாறு மிகுந்தாலும் மேல்பக்கம் மாவாகும்.

நாட்டுக்கோழியை நேராகக் கரியில் சுட வேண்டாம். அதன் கடினம் சவ்வில் இருக்கிறது. ஈரச் சூட்டில் நேரம் எடுத்துத்தான் அது இளகும். உப்பு, மஞ்சள் போட்டுக் குக்கரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆறிய பின் மசாலா பூசித் தணலில் பத்து நிமிடம் காட்டுங்கள். வெந்த தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அருமையாக இருக்கும்.

கேள்வி: எண்ணெய் சொட்டித் தீ குபுக்கென்று எழுகிறது. தண்ணீர் தெளிக்கலாமா? (வாசகர், மதுரை)

கூடாது. சாம்பல் கிளம்பிக் கோழியில் ஒட்டும். இடுக்கியால் துண்டைக் காலிப் பக்கம் நகர்த்தி மூடுங்கள். காற்று குறைந்ததும் தீ அடங்கும். வலையில் வைக்கும் முன் தொங்கும் மசாலாவை வழித்துவிடுங்கள். எண்ணெயைக் கரண்டியால் ஊற்றாமல் பிரஷ்ஷால் மெல்லத் தடவுங்கள். பச்சைக்கோழி ஊறிய மசாலாவை வெந்த துண்டில் மறுபடி பூசவே கூடாது. பூசுவதற்கென்று கொஞ்சம் முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீடு. சமையலறையிலேயே சிறிய கரி அடுப்பு வைக்கலாமா? (வாசகி, சென்னை)

வேண்டவே வேண்டாம். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறது என்ற தைரியத்தில் செய்யும் காரியமல்ல இது.

அதற்குப் பதில் ஓடிஜி (OTG) என்னும் மின்சார ஓவனை 220 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு செய்து, கம்பித் தட்டில் கோழியையும் கீழே சொட்டுத் தட்டையும் வையுங்கள். 20 நிமிடம் கழித்துத் திருப்பி, இன்னும் 15 நிமிடம். கடைசி 4 நிமிடம் மேல் கம்பி மட்டும் எரியட்டும். தட்டில் நேரடியாக வைத்தால் கோழி சுடாது, தன் நீரிலேயே அவியும்.

கேள்வி: சுட்டதும் உடனே பரிமாறலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே வெட்டினால் சாறு தட்டில் ஓடிவிடும். மூடி வைத்தால் மேல் மொறுமொறுப்பு நனைந்துபோகும், திறந்தே இருக்கட்டும். எலுமிச்சையை அப்போது பிழியுங்கள். பச்சைக்கோழி இருந்த தட்டையும் இடுக்கியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெந்த கோழிக்கு எடுக்காதீர்கள்.