நாடக மேடையில் கருப்பு நிறத்தைக் கேலி செய்வதைச் சட்டத்தால் தடுக்க முடியுமா?

மேலூர்ப் பக்கத் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்ததாகவும், அதில் பபூன் (கோமாளி) தன்னுடன் ஆடிய பெண்ணின் கருப்பு நிறத்தை வைத்தே சிரிப்புக் காட்டியதாகவும், இதைத் தடை செய்ய முடியாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முன்கூட்டியே தடுக்க வழியில்லை. இது ஸ்பெஷல் நாடகம், அதாவது நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைத்து அன்றைக்கு மட்டும் சேர்த்து நடத்துவது; அதற்கு ஒத்திகை கிடையாது. பபூன் பேச்சில் பாதி அந்த நேரத்துச் சரக்கு. நாடகத்துக்கு முன்தணிக்கை கோரிய 1954ஆம் ஆண்டுத் தமிழக நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளையும் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது.

நல்லதுதான் என்பேன். திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸை நினைத்துப் பாருங்கள். முருகன் வேடத்தில் வந்து, வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்கு என்று பாடியவர். மேடைப் பாட்டுக்காகப் பலமுறை சிறை சென்றவர். அதுவும் நிறத்தை வைத்த கேலிதானே! ஆனால் அடி விழுந்தது ஆள்பவன் மேல். உங்கள் பபூன் அடித்ததோ கூலிக்கு ஆட வந்த பெண்ணை. அதே தாஸ் மருத்துவர் (முடிதிருத்துவோர்) சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்கு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. 1940இல் சென்னையில் மேடையிலேயே இறந்தார்.

சாதி விஷயம் வேறு. பட்டியல் சாதியினரைப் பலர் முன்னால் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். மேடை என்று விலக்கில்லை. நிறத்துக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த வருஷம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே விழாக் கமிட்டியைப் பேசச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் சொன்னால் பபூன் கேட்பார்.