சான்டா கிளாராவில் சம்பளம் இருக்கிறது, வீடுதான் எட்டவில்லை

போன இதழில் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டியைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோரிடமிருந்துதான் அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன. சன்னிவேலில் சில வருடம் வாடகைக்கு இருந்தவன் என்பதால் எனக்கும் இது மனதுக்கு நெருக்கமான விஷயம். மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கரூர் வாசகர்): கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரிதானே?

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் மேலிருந்து அனுப்பப்படும் கலெக்டர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து சூப்பர்வைசர்கள் நடத்துகிறார்கள். ஜெயில், பொது மருத்துவமனை, தேர்தல், சொத்து மதிப்பீடு எல்லாம் கவுன்ட்டி பொறுப்பு. உள்ளே 15 நகரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி கவுன்சில். எந்தத் தெருவில் என்ன கட்டலாம், எத்தனை மாடி எழுப்பலாம் என்பதை அந்தந்த நகரம்தான் தீர்மானிக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். 2020 கணக்கெடுப்பில் மொத்தம் 19,36,259 பேர், அதில் பாதிக்கு மேல், 10,13,240 பேர், சான் ஹோசே நகரில் மட்டும்.

கேள்வி (மதுரை வாசகி): என் தங்கை அனுப்பும் போட்டோக்களைப் பார்த்தால் அந்த ஊர் முழுக்க நம் ஆட்கள்தான் போலிருக்கிறது. அமெரிக்கர்களே இல்லையா?

உங்கள் தங்கை கூபர்டினோவிலோ சன்னிவேலிலோ இருக்கிறார் என்று நினைக்கிறேன். எல் கமினோ ரியல் சாலையில் கொஞ்ச தூரம் போனால் தோசைக்கடை, மளிகைக்கடை, மறுபடி தோசைக்கடை, அப்படித்தான் இருக்கும். ஆனால் கவுன்ட்டி அதைவிடப் பெரியது. ஆசிய வம்சாவளியினர் சுமார் 39 சதவீதம். அதில் சீனர், இந்தியர், வியட்நாமியர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லோரும் அடக்கம். வியட்நாமுக்கு வெளியே வியட்நாமியர் மிக அதிகமாக வாழும் நகரமே சான் ஹோசேதான், போருக்குப் பிறகு அகதிகளாக வந்து கால் ஊன்றியவர்கள். நான்கில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவர், மூன்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வெள்ளையர். பத்துப் பேரில் நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி பேசப்படுகிறது. அவர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் அந்த ஊரின் அமெரிக்கா அம்மா.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் போட்டோ அனுப்பும் பக்கம் மேற்குப் பக்கம். கிழக்கு சான் ஹோசேயிலும் தெற்கே கில்ராயிலும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகை கட்டுகின்றன. ஆபீஸ் கட்டடங்களை இரவில் துடைப்பவர்கள், சமையலறையில் நிற்பவர்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

கேள்வி (கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): என் மகன் சான் ஹோசேயில் வருடம் 1,80,000 டாலர் வாங்குகிறான். மருமகளுக்கு வேலை செய்ய விசா அனுமதி இல்லை. வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்கிறான். ஒன்றரைக் கோடி ரூபாய் சம்பளத்தில் வீடு வாங்க முடியாதா? பொய் சொல்கிறானோ என்று சந்தேகம். ஊரில் இருக்கும் நிலத்தை விற்று முன்பணத்துக்கு அனுப்பலாமா?

ஐயா, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள், அந்தக் கணக்குதான் பல வீடுகளில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் மனஸ்தாபத்தை உண்டாக்குகிறது.

அந்தக் கவுன்ட்டியில் ஒரு குடும்பத்தின் நடுத்தர வருமானமே ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த கவுன்ட்டிகளில் ஒன்று. நான்கு பேர் உள்ள குடும்பம் 1,40,000 டாலர் சம்பாதித்தாலும், வீட்டு உதவித் திட்டங்களின் கணக்கில் 2024-இல் அது குறைந்த வருமானக் குடும்பம். உங்கள் மகன் அந்த ஊர் அளவுக்கு நடுவில்தான் நிற்கிறார்.

இப்போது வீட்டு விலை. 2024-இல் சான் ஹோசே வட்டாரத்தில் தனி வீட்டின் நடுத்தர விற்பனை விலை 20 லட்சம் டாலரைத் தாண்டியது, அமெரிக்காவில் அந்த எல்லையைத் தொட்ட முதல் பெருநகர வட்டாரம் அது. சரி, அவ்வளவு வேண்டாம், 15 லட்சத்தில் ஒரு சிறிய வீடு என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் முன்பணம் 3 லட்சம் டாலர், நம் பணத்தில் இரண்டரைக் கோடிக்குக் குறையாது. மீதி 12 லட்சத்துக்கு ஆறரை சதவீத வட்டியில் 30 வருடக் கடன் என்றால் மாதத் தவணை 7,600 டாலர் அளவில், சொத்துவரி மாதத்துக்கு 1,500, இன்ஷூரன்ஸ் தனி. ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. வரியெல்லாம் போக மகன் கைக்கு வருவது மாதம் பத்து, பதினோராயிரம். இதே கடனை 2021-இல் மூன்று சதவீதத்தில் எடுத்தவருக்குத் தவணை சுமார் 5,100தான், அதனால்தான் 'என் நண்பன் வாங்கிட்டானே' என்ற பேச்சு வரும்.

விலை ஏன் இப்படி ஏறியது என்று கேட்பீர்கள். 1950-இல் அங்கே மூன்று லட்சம் பேர்கூட இல்லை. பள்ளத்தாக்கு முழுக்க ஆப்ரிகாட், பிளம், செர்ரித் தோட்டங்கள், பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலைகள். சன்னிவேலில் பத்து ஏக்கர் ஆப்ரிகாட் தோட்டத்தை நகராட்சி இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது, வசந்தத்தில் பூத்து நிற்கும்போது ஒருமுறையாவது மகன் உங்களை அங்கே கூட்டிப்போக வேண்டும். அப்புறம் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் தொழிற்பூங்கா, 1957-இல் ஃபேர்சைல்ட், 1968-இல் இன்டெல் என்று சிப் கம்பெனிகளும் மின்னணுத் தொழிலும் வந்து குவிந்தன, 1970-க்குள் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. தோப்புகளை வெட்டித் தனித்தனி வீடுகளாகக் கட்டினார்கள், இடம் தீர்ந்தது, ஆனால் கட்டட விதி மாறவில்லை. சான் ஹோசேயில் குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலத்தில் 94 சதவீதம் தனி வீட்டுக்கு மட்டும் என்று பல காலம் இருந்தது. ஆபீசுக்குச் சுலபமாக அனுமதி, அடுக்குமாடிக்கு எதிர்ப்பு. மேலே சொன்ன 15 கவுன்சில்களும் சேர்ந்து செய்த வேலை இது, எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு. மாநில அரசு தலையிட்டுக் கொல்லைப்புறத்தில் சின்ன வீடு கட்டவும், 2022 முதல் ஒரு மனையை இரண்டாகப் பிரிக்கவும் வழி செய்திருக்கிறது, நல்ல காரியம்தான், ஆனால் தாமதம்.

இன்னொரு காரணம் 1978-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த வரிச்சட்டம், ப்ரபொசிஷன் 13. வீட்டை வாங்கிய விலையில்தான் ஒரு சதவீத வரி, அந்த மதிப்பு வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. நான் இருந்த தெருவில் எதிர்வீட்டுப் பாட்டி எழுபதுகளிலிருந்து அங்கே இருப்பவர். ஜூன் மாதம் ஆனால் தன் ஆப்ரிகாட் மரத்துப் பழங்களைப் பிளாஸ்டிக் வாளியில் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போவார். 1975-இல் 45,000 டாலர் மதிப்புள்ள வீடு என்றால் இன்று வரிக் கணக்கில் அது ஒன்றேகால் லட்சத்தைக்கூடத் தொடாது, வரி வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். பக்கத்து வீட்டை 20 லட்சத்துக்கு வாங்கிய இளம் தம்பதிக்கு அதே அளவு மனைக்கு 20,000-க்கு மேல். பாட்டியை வயதான காலத்தில் வீட்டைவிட்டு வெளியேற்றாமல் காப்பாற்றியது அந்தச் சட்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாரும் விற்பதில்லை, புதிதாக வருபவர்தான் சுமக்கிறார்.

வாங்க முடியாதவர்கள் உங்கள் மகனைப்போல வாடகைக்கு இருக்கிறார்கள், குடும்பங்களில் சுமார் 45 சதவீதம் அப்படித்தான். அதற்கும் கீழே, கவுன்ட்டியின் கணக்கில் சுமார் பத்தாயிரம் பேருக்கு வீடே இல்லை. நான் இருந்தபோது 22-ஆம் எண் பஸ் இரவு முழுக்க பாலோ ஆல்டோவுக்கும் சான் ஹோசேக்கும் நடுவில் ஓடும், அதில் தூங்குவதற்காகவே டிக்கெட் எடுத்து ஏறுபவர்கள் உண்டு. கடைசி நிறுத்தம் வந்ததும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள். ஒருவர் கழுத்தில் செக்யூரிட்டி அட்டை தொங்கியதைப் பார்த்திருக்கிறேன், காலையில் வேலைக்குப் போகிறவர்.

நிலத்தை விற்பது பற்றி: இப்போதைக்கு வேண்டாம் ஐயா. மகன் இன்னும் வேலை விசாவில்தான் இருக்கிறார் என்று தெரிகிறது. வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், அந்த அறுபது நாளும் தவணை நிற்காது. கிரீன் கார்டு வந்து, மருமகளும் சம்பாதிக்க ஆரம்பித்தபின் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். விற்பனைக்கு வரும் வீட்டின் விவரத்தில் போட்டிருக்கும் சொத்துவரி, விற்பவர் கட்டிய பழைய வரி. பத்திரம் கைமாறியதும் மதிப்பு புதிய விலைக்கு உயரும், வித்தியாசத்துக்குச் சில மாதம் கழித்துத் தனியாக ஒரு பில் தபாலில் வரும். அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள்.