இறந்ததும் நேராகச் சொர்க்கம் என்றால், கடைசி நாளில் நியாயத்தீர்ப்பு எதற்கு?

கிறிஸ்தவர்கள் பலருக்கே இந்தக் குழப்பம் உண்டு. இறப்புக்குப் பின் இரண்டு கட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

முதல் கட்டத்தில் உடல் மண்ணுக்குப் போகிறது, நம்பிக்கையோடு இறந்தவரின் ஆன்மா கடவுளிடம் போகிறது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு, இன்றே என்னுடன் பரதீசில், அதாவது சொர்க்கத்தில், இருப்பாய் என்று இயேசு வாக்களித்ததை (பைபிளில் லூக்கா 23) இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இன்னும் தூய்மையாக வேண்டியவர்களுக்கு உத்தரிக்கும் தலம் உண்டு என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. நவம்பர் 2 அன்று கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிப்பது அதனால்தான். புராட்டஸ்டண்டுகள் இதை ஏற்பதில்லை. செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோ, உயிர்த்தெழும்வரை இறந்தவர்கள் உறக்கத்தில் இருக்கிறார்கள் என்பார்கள்.

சரி, அப்புறம் கடைசி நாள் எதற்கு? அதுதான் முக்கியமான கட்டம். அடக்க ஆராதனைகளில்கூட அது பாதிதான் பேசப்படுகிறது என்பது என் எண்ணம். கிறிஸ்து திரும்பி வருவார், இறந்தவர்கள் உடலோடு எழுவார்கள். விதைப்பது வெறும் விதை, முளைத்து வருவது வேறு உடல் என்கிறார் இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் (1 கொரிந்தியர் 15). தீர்ப்பு எல்லாருக்கும் முன்னால் நடக்கும். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான் மத்தேயு 25-இல் வரும் விசாரணை.

அதன் பிறகு மனிதர்கள் மேலே போவதில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 21-இல் கடவுளின் நகரமான புதிய எருசலேம்தான் கீழே பூமிக்கு இறங்கி வருகிறது. 2 பேதுரு 3-ஐக் காட்டி, இந்தப் பூமி எரிந்து இல்லாமலே போய்விடும் என்பவர்களும் உண்டு. ஆனால் ரோமர் 8-இல் படைப்பே விடுதலைக்காக ஏங்குகிறது. அழியப்போகிற ஒன்று எதற்காக ஏங்க வேண்டும்?