புறப்படாத லாரியில் 10 பெட்டி

பெரம்பூரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு,

போன வாரம் நீங்கள் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். "ரெண்டு மாசமா அதே பிராஜெக்ட். ராத்திரி முழுக்க லேப்டாப் ஓடுது, விடை வரல. பேசாம ஓஎம்ஆர் பக்கம் ஏதாவது கோர்ஸ்ல சேர்த்துடலாமா சார்?" என்றீர்கள். வேண்டாம். உங்கள் மகள் மாட்டிக்கொண்டு நிற்கும் இடம்தான் 'ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்' என்கிற, கணக்குப் போட்டுச் செலவைக் குறைக்கும் இந்தத் துறையின் வேலையே.

ஒரகடத்தில் இருக்கிற ஒரு தொழிற்சாலைக்கு எந்த லாரியில் எத்தனை பெட்டி அனுப்பினால் செலவு குறையும் என்பது அவள் கணக்கு. நிபந்தனைகளைச் சமன்பாடுகளாக எழுதிக் கொடுத்தால் குரோபி என்கிற சால்வர் மென்பொருள் விடை தேடும். மாணவர்களுக்கு அது இலவசம் என்பதால் உங்களுக்குச் செலவும் இல்லை.

அவள் அனுப்பிய லாக்கை, அதாவது மென்பொருள் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். 'லாரி போகாவிட்டால் அதில் சரக்கும் கிடையாது' என்ற விதியை எழுத ஒரு பெரிய எண் தேவை. அவள் 10,00,000 போட்டிருக்கிறாள். போகும் என்றால் 1, போகாது என்றால் 0; அதை அந்தப் பெரிய எண்ணால் பெருக்கினால் வருவதற்கு மேல் அந்த லாரியில் பெட்டி ஏற்றக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் குரோபி, நாம் அமைப்பை மாற்றாத வரை, 0.00001 அளவு பிசகையும் பூஜ்யமென்றே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 10 வருகிறது. புறப்படாத லாரியில் 10 பெட்டி, அதுவும் வாடகையில்லாமல்! லாரி எடை மேடையில் மூக்குத்தியை எடை போட்ட கதைதான். ஒரு லாரி கொள்வதே 400 பெட்டி. அந்த 400-ஐயே போட்டால் கசிவு 0.004 பெட்டிதான். பெரிய எண் தேவைக்கு மேல் இருந்தால் தேடலும் இழுத்துக்கொண்டே போகும், ஆக வேகமும் கூடலாம்.

இன்னொன்று. நல்ல விடை அரை மணி நேரத்திலேயே வந்துவிட்டது. கையில் உள்ள விடைக்கும், இதற்குமேல் செலவு குறையவே முடியாது என்ற எல்லைக்கும் உள்ள இடைவெளி 1 சதவீதத்துக்கும் கீழே. மீதி ராத்திரி முழுக்க அதை 0.01 சதவீதத்துக்குக் கொண்டுவரத்தான் லேப்டாப் மல்லுக்கட்டியிருக்கிறது. தேவை எவ்வளவு என்பதே அவள் குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு, அதற்கு எதற்கு இத்தனை துல்லியம்? இடைவெளியை 1 சதவீதமாக மாற்றிவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள்.

'விடையே இல்லை' என்று வந்தாலும் உடனே பிசகு அளவைத் தளர்த்தக் கூடாது. ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நிபந்தனைகளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி குரோபியிலேயே உண்டு. அதைப் பார்த்தாலே பாதி நேரம் தட்டச்சுப் பிழைதான் என்று தெரியும்.

நான் இந்த வேலையில் இருந்தபோது ஒருமுறை பொறுமையில்லாமல் மூன்று அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றினேன். விடை வந்தது. எது சரிசெய்தது என்று மேலாளர் கேட்டார், சொல்லத் தெரியாமல் முழித்தேன். அதனால்தான் ஒரு நோட்டுப் போட்டு, என்ன மாற்றினாள், என்ன ஆனது என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்கிறேன். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அந்த நோட்டுதான் அதிகம் பேசும்.

சரி, வேலை கிடைக்குமா? சாதாரண சாஃப்ட்வேர் வேலை அளவுக்கு இதில் இடம் இல்லை, மறைக்க மாட்டேன். ஆனால் போட்டியும் குறைவு. 'ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்', 'சப்ளை செயின் அனலிடிக்ஸ்' என்று தேடச் சொல்லுங்கள். நிரல் எழுதும் பைத்தானும், தரவுத்தளத்தில் தகவல் தேடும் எஸ்க்யூஎல்லும் கைவசம் இருக்கட்டும், இது அமையாவிட்டால் அது காப்பாற்றும். இந்தக் கணக்குகளுக்கு அடிப்படையான நேரியல் நிரலாக்கம் (லீனியர் புரோகிராமிங்) பாடத்தை, ஐஐடி பேராசிரியர்களின் வீடியோக்கள் இருக்கும் என்பிடெல் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மேலே படிக்க ஆசையென்றால் சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம் இருக்கிறது, நுழைவுத் தேர்வு கொஞ்சம் கடினம்.

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 10,00,000 போட்டு ஓடிய லாக், 400 போட்டு ஓடிய லாக் இரண்டையும் எடுத்துவரட்டும்.