பழைய கொலைகார வைரஸை ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்குவது எவ்வளவு ஆபத்து?

எந்த வைரஸ் என்பதைப் பொறுத்தது. 1918 ஃப்ளூ வைரஸை 2005இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி மீட்டுருவாக்கியது. அலாஸ்காவின் உறைமண்ணில் புதைந்திருந்த உடலின் நுரையீரல் திசுவும் அதன் மரபணு வரிசையை அறிய உதவியது. இன்று பலருக்கும் அந்த வைரஸ் சேர்ந்த எச்1என்1 வகைக்கு எதிராக ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு, மருந்தும் இருக்கிறது. பெரியம்மை கதை வேறு. 1980இல் ஒழிந்ததாக அறிவித்த பிறகு தடுப்பூசியும் நின்றுபோனதால், இளைய தலைமுறைக்குக் கவசமே இல்லை.

வில்லன் திருடி வெளியே விடுவான் என்று பயப்படுகிறவர்கள் சாதாரணத் தவறுகளை மறந்துவிடுகிறார்கள். 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல்மாடியில் வேலை பார்த்த மருத்துவப் புகைப்படக் கலைஞர் ஒருவர் அந்நோய் தொற்றி இறந்தார். வைரஸ் எந்த வழியாக அவரை அடைந்தது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. 2014இல் அமெரிக்க அரசு வளாகம் ஒன்றின் குளிர் அறையில், 1950களில் மூடிய பெரியம்மைக் குப்பிகள் கிடைத்தன. இரண்டில் வைரஸ் உயிருடன் இருந்தது. யாரும் திருடவில்லை, மறந்துபோனார்கள், அவ்வளவுதான்!

காற்று உள்நோக்கியே ஓடும் அறை, காற்றிலுள்ள நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி, முழு முகமூடி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கையுறையில் ஊசி குத்தினாலோ, வைரஸ் செயலிழக்காத மாதிரியைச் செயலிழந்ததென்று நம்பி அடுத்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலோ அவை உதவாது. தொற்றியவர் அறிகுறி தெரியுமுன்னே வீட்டுக்குப் போய்விடுவார். ஃப்ளூவில் தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையிலான அவகாசம் பெரும்பாலும் ஓரிரு நாள்தான்.