காயிலோவர் கேள்வி பதில்: ரோட்டுக்கும் ஆகணும், ட்ராக்குக்கும் ஆகணும்

வணக்கம் மக்களே, காயிலோவர் பத்தி, அதாவது ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) ஒண்ணா சேந்து, உயரம் மாத்த முடியுற சஸ்பென்ஷன் செட்டப் பத்தி கேள்வி நெறைய வந்திருக்கு. பாதிப் பேர் ஒரே கேள்வியத்தான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, அதெல்லாம் சேத்துட்டேன். சிலதுக்கு ஒத்த வரி பதில்தான், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, தினமும் வேலைக்குப் போற கார், எப்பவாச்சும் ட்ராக் டே (ரேஸ் ட்ராக்ல சொந்த கார ஓட்டுற நாள்). எந்த காயிலோவர்னு பட்டுனு சொல்லுங்க.

பதில்: பட்டுனு சொல்லணும்னா, உன் கார் மாடலுக்குன்னே டேம்பர ட்யூன் பண்ணி விக்கிற கம்பெனியோட செட்டு, மிதமான ஸ்பிரிங், ஒரே ஒரு அட்ஜஸ்டர், இது போதும். காசு டேம்பருக்குள்ள போகட்டும், வெளிய இருக்கிற கலர் அனோடைசிங்குக்குப் போக வேண்டாம். மலிவு செட்டுல என்ன நடக்கும்னா ஒரே டேம்பர், ஒரே வால்விங் (உள்ள எண்ணெய் ஓட்டத்தக் கட்டுப்படுத்துற வால்வு அமைப்பு), கீழ ப்ராக்கெட்ட மட்டும் மாத்தி ஏகப்பட்ட கார் மாடலுக்கு விப்பாங்க. ஸ்பிரிங் மட்டும் ஹார்டா இருக்கும், அத அடக்குற அளவு ரீபவுண்டு (அமுங்குன ஸ்பிரிங் திரும்ப நீளுறதத் தடுக்கிற விசை) இருக்காது, கார் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினா மூணு தடவ குதிக்கும். இதத்தான் நம்மாளுங்க "ஸ்டிஃப்பா இருக்கு, ட்ராக்குக்கு செட் ஆயிருச்சு"ன்னு நெனச்சுக்கிறாங்க.

கேள்வி: டேம்பர் நாப்ல 30 க்ளிக் இருக்கிறது நல்லதா, 10 க்ளிக் இருக்கிறது நல்லதா? பிசி ரேசிங் பிஆர்ல 30, டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட்ல 16, பில்ஸ்டெய்ன் பி16ல 10தான் இருக்கு, ஆனா க்ளிக் கம்மியான பி16தான் வெல அதிகமா இருக்கே?

பதில்: க்ளிக் எண்ணிக்கைய வச்சு டேம்பர வாங்குறது வால்யூம் நாப்ல எத்தன கோடு இருக்குன்னு எண்ணிப் பாத்து ஸ்பீக்கர் வாங்குற கதைதான். முழு சாஃப்ட்டுக்கும் முழு ஹார்டுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம், அது ஒவ்வொரு க்ளிக்குக்கும் சீரா மாறுதா, இடது வலது ரெண்டும் ஒரே நம்பர்ல ஒரே விசையக் குடுக்குதா, இதான் விஷயம். சாதாரண செட்டுல பெரும்பாலும் கடைசி சில க்ளிக்லதான் பெரிய மாற்றம் இருக்கும், மிச்சமெல்லாம் சும்மா டிக் டிக்னு சத்தம்தான். கம்பெனிக்காரன் டைனோ கிராஃப் (டேம்பர் விசைய மெஷின்ல அளந்த வரைபடம்) குடுத்தா கேட்டு வாங்கிப் பாரு, தரமாட்டேன்னா அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொண்ணு, ஒரே நாப் இருக்கிற செட்டுல பலதுல அது முக்கியமா ரீபவுண்டத்தான் மாத்தும், கூடவே கம்ப்ரஷனும் (அமுங்குறதத் தடுக்கிற விசை) கொஞ்சம் மாறும். பி16ல ரெண்டும் சேந்தே மாறும். கேடபிள்யூ வேரியன்ட் 3ல ரீபவுண்டும் கம்ப்ரஷனும் தனித்தனியா மாத்தலாம். தனித்தனியா இருக்கிறது நல்லதுதான், ஆனா என்ன பண்றோம்னு தெரிஞ்சு திருப்புறவனுக்கு மட்டும். தெரியாம திருப்புனா நல்லா இருந்த காரக் கெடுக்க ரெண்டு வழி கெடச்ச மாதிரி ஆயிரும்.

எண்ணுறப்போ எப்பவும் முழு ஹார்டுல இருந்து எண்ணு. கைல மெதுவா மூடுற பக்கம் திருப்பி, நிக்கிற எடத்துல நிறுத்து, அங்க இருந்து வெளிய வர்ற க்ளிக்க எண்ணு. உள்ள எண்ணெய் வழிய மூடுற ஊசி உக்கார்ற எடம் அதுதான், இறுக்கித் திருகினா அந்த உக்கார்ற எடமே கெட்டுப்போகும்.

கேள்வி: முன்னாடி 10 கிலோ ஸ்பிரிங்னு போட்டிருக்கான். ரோட்டுல முதுகு போயிருமா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன். 10 கிலோங்கிறது ஸ்பிரிங்கோட ரேட், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 கிலோ விசை வேணும். சக்கரத்துக்கு அது எவ்வளவா தெரியும்ங்கிறது மோஷன் ரேஷியோவப் (சக்கரம் நகர்ற தூரத்துக்கு ஸ்பிரிங் எவ்வளவு நகருதுங்கிற விகிதம்) பொறுத்தது, அதுவும் ரேஷியோவோட வர்க்கம். மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டுல (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேந்த தூணே சக்கரத்த மேல தாங்குற அமைப்பு) ஸ்பிரிங் கிட்டத்தட்ட சக்கரத்தோடவே நகரும், ரேஷியோ 0.95னு வச்சுக்கோ, வர்க்கம் 0.9, அப்ப சக்கரத்துல 9 கிலோ. டபுள் விஷ்போன்ல (மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம் இருக்கிற அமைப்பு) ஸ்பிரிங் ஆர்மோட நடுவுல உக்காந்திருக்கும், 0.65ன்னு வச்சா வர்க்கம் 0.42, அதே 10 கிலோ ஸ்பிரிங் சக்கரத்துல வெறும் 4.2 கிலோதான்.

இத அந்த மூலைல ஸ்பிரிங் தாங்குற எடையோட சேத்துப் பாக்கணும். வீல் ரேட்ட நியூட்டன் பர் மீட்டரா மாத்தி, எடைய கிலோவுல போட்டு வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28ஆல வகுத்தா ஹெர்ட்ஸ் வரும், அதாவது கார் நொடிக்கு எத்தன தடவ ஆடும்ங்கிறது. 350 கிலோ மூலைனு வச்சா முதல் கார் சுமார் 2.5 ஹெர்ட்ஸ், ரெண்டாவது கார் சுமார் 1.7 ஹெர்ட்ஸ். ஸ்பிரிங் ஒண்ணுதான், ஒரு கார் பல்லு ஆடும், இன்னொண்ணு ஜம்முனு போகும். குடும்பக் கார் 1ல இருந்து 1.5க்குள்ள இருக்கும், ஸ்போர்ட்டி கார் 1.5ல இருந்து 2, ரோட் டயர்ல ட்ராக் ஓட்டுறவனுக்கு 2ஐ ஒட்டி இருந்தா போதும், 2.5ங்கிறது ரோட்டுல சகிச்சுக்கிற எல்லை. 3க்கு மேலெல்லாம் டவுன்ஃபோர்ஸ் (காத்து கார கீழ அமுக்குற விசை) இருக்கிற ரேஸ் காருக்கு. ரோடு ஓட்டம்தான் அதிகம்னா பின்பக்க ஹெர்ட்ஸ் முன்பக்கத்த விடக் கொஞ்சம் கூட இருக்கட்டும், மேடு தாண்டுனதும் கார் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடாது.

அதனால அடுத்தவன் கார்ல என்ன ரேட்னு கேட்டு அதையே வாங்காதீங்க, அவன் காரும் உன் காரும் ஒரே மாடலா இருந்தாத்தான் அந்த நம்பருக்கு அர்த்தம்.

கேள்வி: ப்ரோ, காயிலோவர்னாலே கார நல்லா இறக்கிரலாம்ல? எவ்வளவு இறக்கினா ஹேண்ட்லிங் நல்லா இருக்கும்?

பதில்: ஸ்ட்ரட் காரா இருந்தா, நீ நெனைக்கிறதுக்கு நேர் எதிர். கார இறக்குறப்போ கீழ் ஆர்ம் கிடைமட்டத்தத் தாண்டி சக்கரத்துப் பக்கம் மேல தூக்கிக்கும். அப்ப ரோல் சென்டர் (வளைவுல கார் எந்தப் புள்ளியச் சுத்தி சாயுதோ அது) கீழ போகுது, அதுவும் காரோட ஈர்ப்பு மையம் எறங்குறத விட வேகமாப் போகுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் கூடுது, கார் வளைவுல சாயுற நெம்பு கூடுது. அதோட கேம்பர் கெயினும் (அமுங்குறப்போ சக்கரத்தோட உள்சாய்வு, அதாவது கேம்பர், கூடுறது) போயிரும், டை ராடும் ஆர்மும் கோணம் மாறி பம்ப் ஸ்டியர் (சக்கரம் மேல கீழ போறப்போ தானாவே திரும்புறது) வரும். அப்புறம் சாய்வத் தடுக்க இன்னும் ஹார்டு ஸ்பிரிங், அதுக்கு இன்னும் ஹார்டு டேம்பிங்னு முடிவே இல்லாமப் போகும்.

20, 30 மில்லிமீட்டரோட நிறுத்து. இன்னும் இறக்கணும்னு அடம்பிடிச்சா ரோல் சென்டர் கரெக்ஷன் பால் ஜாயிண்ட்டும் பம்ப் ஸ்டியர் கிட்டும் சேத்து வாங்கு. ஃபோட்டோவுக்காக இறக்குறேன்னா அது வேற, தாராளமாப் பண்ணு, ஆனா ட்ராக்குக்குன்னு சொல்லாத.

ட்ராவல் மிச்சம் இருக்கான்னு பாக்க ஒரு சுலப வழி இருக்கு. டேம்பர் ராடு வெளிய தெரியுற மாதிரி இருந்தா அதுல ஒரு சின்ன கேபிள் டையக் கட்டி, அசைக்க முடியுற அளவு இறுக்கி, கீழ டேம்பர் பாடிய ஒட்டி நகத்தி விடு. ஒரு செஷன் ஓட்டிட்டு வந்து ஜாக்கி போட்டுப் பாத்தா, டை எங்க நிக்குதோ அதுவரைக்கும் ராடு உள்ள போயிருக்குன்னு அர்த்தம். அது பம்ப் ஸ்டாப்புக்குள்ள (டேம்பர் முழுசா அமுங்கி இடிக்காம தடுக்கிற ரப்பர்) ஆழமாப் போய் நின்னுச்சுன்னா நீ ஸ்பிரிங் மேல ஓட்டல, ரப்பர் மேல ஓட்டிட்டு இருக்க. வளைவுக்கு நடுவுல திடீர்னு முன்பக்கம் பிடி விடுதுன்னு பொலம்புறவங்க மொதல்ல இதப் பாருங்க. தலைகீழ் ஸ்ட்ரட்டுல ராடு உறைக்குள்ள இருக்கும், அங்க இந்த வேல நடக்காது.

கேள்வி: ப்ரீலோடு ஏத்துனா (ஸ்பிரிங்க முன்னாடியே கொஞ்சம் அமுக்கி வச்சா) ஸ்பிரிங் ஹார்டாகும்னு மெக்கானிக் சொல்றாரு?

பதில்: லீனியர் ஸ்பிரிங்ல ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்கு 8 கிலோன்னா எங்க இருந்து அமுக்கினாலும் 8 கிலோதான். பெர்ச்ச (ஸ்பிரிங் உக்கார்ற திருகு வளையம்) மேல ஏத்துனா கார் உயரும், அவ்வளவுதான். ஆனா அப்படி உயரம் மாத்துற டைப்புல, ராடு எந்த எடத்துல நிக்குதுங்கிறது மாறும், இறக்குனா உள்ள போற ட்ராவல் கொறையும், மெக்கானிக் உணர்றது ஒருவேள பம்ப் ஸ்டாப்பா இருக்கலாம். கீழ் ப்ராக்கெட்டும் திருகி நீளம் மாத்துற டைப்புல டேம்பர் ட்ராவல் அப்படியே இருக்கும், உயரம் மட்டும் மாறும். ரெண்டுக்கும் சாய்ஸ் இருந்தா இதத்தான் எடுப்பேன். அதுக்காக ட்ராவல் இருக்குன்னு கண்ணாபின்னான்னு இறக்கிராத, டயர் ஃபெண்டர்ல போய் இடிக்கும்.

கேள்வி: மோனோட்யூபா ட்வின்ட்யூபா?

பதில்: சூடு ஏறுற ட்ராக் ஓட்டத்துக்கு மோனோட்யூப் வசதி, எண்ணெய் இருக்கிற குழாய் நேரா காத்துல படுது, சூடு சீக்கிரம் வெளிய போகுது, நைட்ரஜனத் தனியா ஒரு பிஸ்டன் பிரிச்சு வச்சிருக்கிறதால எண்ணெய்ல நுரை வராது. ட்வின்ட்யூப்ல கேஸ் அழுத்தம் கம்மி, ரோட்டுல பொதுவா மிருதுவா இருக்கும், வெளிக்குழாய்ல கல்லடிச்சு சின்னப் பள்ளம் விழுந்தாலும் உள்குழாய் தப்பிச்சிரும். மோனோட்யூப்ல அந்தப் பள்ளம் பிஸ்டன் போற வழிலயே விழும், டேம்பர் காலி. ஃப்ளெக்ஸ் இசட் ட்வின்ட்யூப், பிஆர் மோனோட்யூப், ரெண்டுலயும் திருப்தியா ஓட்டுறவங்க இருக்காங்க. நல்ல ட்வின்ட்யூப் மட்டமான மோனோட்யூப விட எவ்வளவோ மேல்.

கேள்வி: பில்லோபால் டாப் மவுண்ட் (மேல ரப்பருக்குப் பதிலா உலோக பால் ஜாயிண்ட்) போட்டா சத்தம் வருமா?

பதில்: வரும். இன்னைக்கு இல்லன்னாலும் தூசியும் தண்ணியும் போனப்புறம் வரும். ட்ராக் முக்கியம்னா கேம்பர் ப்ளேட்டுக்காக (கேம்பர மாத்த உதவுற மேல் தட்டு) சகிச்சுக்கோ, இல்லன்னா ரப்பர் மவுண்ட்டோட விடு.

கேள்வி: வருஷத்துக்கு ரெண்டு மூணு ட்ராக் டேதான் சார். காயிலோவர் அவசியமா?

பதில்: இல்ல சார். நல்ல டேம்பர், அதுக்குப் பொருத்தமா கொஞ்சம் ஹார்டான லோயரிங் ஸ்பிரிங், முன்னாடி கேம்பர் கூட்ட ஒரு வழி, இது போதும். மிச்ச காசுல நல்ல டயர், ப்ரேக் பேடு, ப்ரேக் ஃப்ளூயிடு மாத்துங்க, லேப் டைம் அங்கதான் இருக்கு. ஸ்டாக் டேம்பர்லயே ஹார்டு ஸ்பிரிங் மட்டும் போடுற வேல மட்டும் வேண்டாம்.

கேள்வி: கார்ல கம்பெனியோட எலக்ட்ரானிக் டேம்பர் இருக்கு. காயிலோவர் போட்டா டேஷ்போர்டுல எரர் வருமா?

பதில்: ஒயர சும்மா கழட்டி விட்டா வரும், அதுக்குன்னு கேன்சலேஷன் மாட்யூல் விக்கிறாங்க, உங்க மாடலுக்குப் பொருந்துறதா பாத்து வாங்கணும். ஆனா மொதல்ல அந்த எலக்ட்ரானிக் டேம்பர வச்சுக்கிட்டே உயரமும் ஸ்பிரிங்கும் மட்டும் மாத்துற செட்டு கெடைக்குதான்னு பாருங்க, தினசரி ஓட்டத்துக்கு அது பல நேரம் உத்தமம்.

கேள்வி: யூஸ்டு செட்டு ஒண்ணு சல்லிசா வருது, எதப் பாத்து வாங்கணும்?

பதில்: ராடுல நகத்த வச்சு மேல இருந்து கீழ இழு, கீறல் தட்டுச்சுன்னா விட்டுரு, சீல் போயிரும். மோனோட்யூப்னா ஸ்பிரிங்கக் கழட்டிட்டு ராட அமுக்கி விடு, தானா வெளிய வரணும், அப்படியே உள்ள கெடந்தா கேஸ் போயிருச்சு. பெர்ச்சு வளையம் திரும்புதான்னு பாரு, அலுமினிய வளையமும் இரும்பு பாடியும் உப்புத்தண்ணி பட்டா ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், அப்புறம் அத வெட்டித்தான் எடுக்கணும். கடைசியா, அந்த மாடலுக்கு சீலும் ரீபில்டு வசதியும் இன்னும் கெடைக்குதான்னு விசாரி. கெடைக்கலன்னா சல்லிசு இல்ல அது.

கேள்வி: மாட்டினதும் நேரா அலைன்மென்ட்டுக்குப் போலாமா?

பதில்: மாட்டுறப்போ ஒரு விஷயத்த பாதிப் பேர் விட்டுருவாங்க. ஆர்ம் புஷ்ல இருக்கிற போல்ட்ட சக்கரம் தொங்குறப்போ இறுக்கக் கூடாது, கார் அதோட சொந்த எடைல நிக்கிற உயரத்துல வச்சு இறுக்கணும். இல்லன்னா ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாக் காட்டும். அப்புறம் நாலஞ்சு நாள் ஓட்டி செட்டிலாக விடு, உயரத்தத் திரும்ப அள. கார்னர் வெயிட் (ஒவ்வொரு சக்கரத்துலயும் விழுற எடை) பாக்க வசதி இருந்தா சீட்ல நீயோ உன் எடைக்கு சமமா மூட்டையோ வச்சு, ஆன்டி ரோல் பார் லிங்க்கக் கழட்டிட்டு, க்ராஸ் வெயிட் (மூலைக்கு மூலை எதிரா இருக்கிற ரெண்டு சக்கரத்தோட எடை) மொத்தத்துல 50 சதவீதத்த ஒட்டி வர்ற மாதிரி பெர்ச்சத் திருப்பு. அலைன்மென்ட் கடைசி, ஏன்னா உயரத்தத் தொட்டா டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற கோணம்) மாறிரும். ஹெட்லைட் குறியும் மாறியிருக்கும், அதையும் பாத்துரு.

கேள்வி: ட்ராக்குக்காக முன்னாடி நெகட்டிவ் 2.5 டிகிரி கேம்பர் வச்சா ரோட்டுல டயர் உள்பக்கம் தேஞ்சிராதா?

பதில்: கொஞ்சம் தேயும். ஆனா டயரத் தின்னுறது பெரும்பாலும் டோதான். டோவ ஜீரோவ ஒட்டி வச்சிட்டு கேம்பர அப்படியே விடு.