மாமாவின் செய்முறை நோட்டு

கேள்வி: என் தாய்மாமா காலமாகி முப்பதாம் நாள் வரப்போகிறது. அப்பா இல்லாத எங்களுக்குக் காதுகுத்து முதல் கல்யாணம் வரை எல்லாம் அவர்தான். பெரிய ஃப்ளெக்ஸ் வைத்து அன்னதானம் போடலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அவர் நினைவாக வேறு என்ன செய்யலாம்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: ஃப்ளெக்ஸ் வைக்கட்டும், தடுக்காதீர்கள். நம் ஆள் போய்விட்டார் என்று தெருவுக்கே தெரியவேண்டும் என நினைப்பது மதுரைப் பக்கத்துப் பாசம். அன்னதானமும் நல்லதுதான். ஆனால் உங்கள் தவிப்பு எனக்குத் தெரியும். நானும் அப்பா இல்லாமல் மாமா கையில் வளர்ந்தவன்.

மாமாவுக்குச் சோழவந்தானில் கொடிக்கால். விடியுமுன்னே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்குவார். நூறு வெற்றிலை ஒரு கவுளி. எண்ணும்போது உதடு அசையாது. கட்டைவிரல் மட்டும் காம்புகளைத் தொட்டுத் தொட்டுப் போகும். குறுக்கே நான் ஏதாவது கேட்டால் பதிலும் வரும், கணக்கும் தப்பாது. 2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தபோது, தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டு வெற்றிலை கொடுத்தார். அழகர்கோவிலில் எனக்குக் காது குத்தியபோது அவர் மடியில் உட்கார்ந்து அவர் கையைக் கடித்துவிட்டேனாம். அந்தத் தழும்பைக் கடைசிவரை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் போனபிறகு ஒருநாள் அத்தை பீரோவிலிருந்து செய்முறை நோட்டை எடுத்துக் கொடுத்தார். வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டி என்று ஊர்வாரியாக மொய்க்கணக்கு. கடைசி நான்கு பக்கங்களுக்கு மேலே என் அப்பாவின் பெயர். அப்பா இறந்தபிறகு அம்மாவால் எந்த விசேஷத்துக்கும் செய்முறை செய்ய முடியவில்லை. மாமா போன இடமெல்லாம் தன் மொய்யை எழுதிவிட்டு, அப்பா பெயரிலும் தனியாக 51, 101 என்று எழுத வைத்திருக்கிறார். எங்கள் வீட்டின் பெயர் ஊரில் விட்டுப்போகக் கூடாது என்று இருபது வருஷம் செய்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பக்கங்களைப் பார்த்து நான் அழுததுபோல் அவர் இறந்த அன்றுகூட அழவில்லை.

இப்போது அந்த நோட்டில் உள்ள வீடுகளிலிருந்து பத்திரிகை வந்தால் நான் போகிறேன். மொய் எழுதுகிறவர் கேட்டால் மாமா பெயரைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மைக்கில் அந்தப் பெயரை வாசித்ததும், பந்தியில் இருந்த பெரியவர் ஒருவர் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார். “வெத்தலைக்காரர் மருமகனாப்பா நீ?” என்று கேட்டு, இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் விடவே இல்லை.

உங்கள் மாமாவும் எந்தெந்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் போனார் என்று உங்கள் அத்தைக்குத் தெரிந்திருக்கும். மாமாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் செய்முறை அவர்கள் கடமை. அவர்களுடன் நீங்களும் போய் நில்லுங்கள், போதும். ஆனால் இப்போதே நோட்டைக் கேட்காதீர்கள். முப்பது முடிந்து கூட்டம் கலைந்ததும் அத்தையோடு நாலு நாள் தங்குங்கள். அவராகப் பீரோவைத் திறக்கட்டும். ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகைகள் மாமா பெயருக்கே வரும்.